மாடித் தொட்டியும் 427 மீட்டரும்

மொட்டை மாடியில் ஒரு சிமென்ட் தொட்டி. உள்ளளவு நீளம், அகலம் இரண்டும் 1 மீட்டர். 1 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் சரியாக ஆயிரம் லிட்டர். காலையில் நிரப்பும்போது 27 டிகிரி, மே மாத வெயிலில் மதியம் 35 டிகிரி. (குழாயைத் திறந்ததும் முதல் இரண்டு மக் கையைச் சுடுகிறதே என்றால், அது தொட்டித் தண்ணீர் இல்லை. சுவரில் வெயில் படும் குழாயில் தேங்கிய தண்ணீர். தொட்டி அவ்வளவு சீக்கிரம் சூடாகாது.) தொட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது, தண்ணீரும் அதேதான். இப்போது அதன் நிலை ஆற்றல் கூடியதா, குறைந்ததா, மாறவே இல்லையா?

நிலை ஆற்றல் என்பது நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். இதில் வெப்பநிலைக்கு இடமே இல்லை, ஆகவே மாறாது என்று எழுதிவிட்டுப் போகலாம். பரீட்சையில் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் முழுப் பதில் அது இல்லை.

முதலில் காலைக் கணக்கு. உயரத்தைத் தொட்டியின் அடி வரை எடுப்பதா, மேல்மட்டம் வரையா என்று பலர் குழம்புவார்கள். தண்ணீரின் நடு மட்டம் வரை எடுக்க வேண்டும். பாதித் தண்ணீர் அதற்கு மேலே, பாதி அதற்குக் கீழே. சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து அந்த நடு மட்டம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோ × 9.8 × 10 = 98,000 ஜூல். கேட்கப் பெரிய எண்தான். மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அப்படியானால் ஆயிரம் லிட்டரை மூன்று மாடி ஏற்றி வைத்ததில் தண்ணீருக்குள் சேர்ந்தது வெறும் 0.027 யூனிட்.

இனி மதியம். 27-லிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் கால் விழுக்காடு விரிகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் நீர்மட்டம் 2.5 மில்லிமீட்டர் உயரும். நடு மட்டம் அதில் பாதி, அதாவது 1.25 மில்லிமீட்டர் உயரும். 1,000 × 9.8 × 0.00125, ஏறக்குறைய 12 ஜூல். ஆக நிலை ஆற்றல் கூடியது, 98,000-இல் 12. அதே நேரத்தில் வெயில் அந்தத் தண்ணீருக்குள் வெப்பமாகக் கொட்டியது 3 கோடியே 35 லட்சம் ஜூல், அதாவது 9.3 யூனிட்.

தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தால் கதை தலைகீழ். விரிந்த இரண்டரை லிட்டர் வழிந்து ஓடிவிடும், நிறை குறையும், 245 ஜூல் நஷ்டம். பிளாஸ்டிக் தொட்டியில் இன்னொரு வேடிக்கை. தண்ணீர் விரிகிற அளவுக்குத் தொட்டியும் அகலமாகிவிடுவதால் மட்டம் ஏறக்குறைய அசையாது. சூடேறினால் நிறையே கூடுமே, ஐன்ஸ்டீன் சொன்னாரே என்று கேட்பவர்களுக்கு: கூடும், ஒரு கிராமில் கோடியில் நான்கு பங்கு அளவுக்கு. அதை விட்டுவிடலாம்.

எனவே வெப்பநிலை நிலை ஆற்றலைத் தொடுவது பக்கவாட்டில்தான், அடர்த்தி வழியாக. நேரான உறவு வேறிடத்தில் இருக்கிறது. உயரம் வெப்பமாக மாறும்போது என்ன விலைக்கு மாறுகிறது என்பதில்.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,186 ஜூல் வேண்டும். ஒரு கிலோவை ஒரு மீட்டர் தூக்க 9.8 ஜூல். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 427. ஒரு டிகிரிச் சூடு என்பது 427 மீட்டர் உயரத்துக்குச் சமம். இதில் கவனிக்க வேண்டியது, நிறை அடிபட்டுப் போகிறது. ஒரு சொம்புத் தண்ணீரானாலும் ஓர் அணைத் தண்ணீரானாலும் 427-தான்.

கீசரை எடுத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டரை 27-லிருந்து 57 டிகிரிக்குக் கொண்டுபோக 0.52 யூனிட். அதே மின்சாரத்தை வீணில்லாமல் தூக்குவதற்குச் செலவிட்டால் அந்த 15 லிட்டர் 12.8 கிலோமீட்டர் மேலே போயிருக்கும், எவரெஸ்டைத் தாண்டி. மாடிக்கு ஏற்றியது ஆயிரம் லிட்டர், கீசரில் 15 லிட்டர்தான். இருந்தும் கீசர் 19 மடங்கு அதிகம் கேட்கிறது. உயரம் மலிவு, சூடு விலை அதிகம்.

இந்த மலிவுச் சரக்கை வாங்குவதிலும் நம் வீட்டு மோட்டார் எப்படி வீணடிக்கிறது என்பதைச் சொல்லாமல் போனால் கணக்கு பாதிதான். 1 எச்.பி. மோட்டார் மின்கம்பியிலிருந்து சுமார் 1 கிலோவாட் இழுத்து, 20 நிமிடத்தில் தொட்டியை நிரப்புகிறது என்றால் 0.33 யூனிட். தண்ணீரில் சேர்ந்தது 0.027. பன்னிரண்டில் ஒரு பங்குதான் உயரமாக மாறியது. மீதி எங்கே? கொஞ்சம் மோட்டார் சுற்றில், கொஞ்சம் பம்புக்குள் சுழலும் நீரில். மிச்சம் குழாயில். நிமிடத்துக்கு 50 லிட்டர் ஓடும்போது 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஓர் அங்குலக் குழாய் 20 மீட்டர் நீளத்தில் சுமார் 3 மீட்டர் உயரத்தைத் தின்னும். அதே ஓட்டத்தை முக்கால் அங்குலக் குழாயில் விட்டால் சுமார் 11 மீட்டர் போய்விடும். பிளம்பர் முக்கால் அங்குலம் போட்டால், பம்பைப் பொறுத்தவரை உங்கள் வீட்டின் மேல் இன்னொரு மூன்று மாடி கட்டியது மாதிரி. மோட்டார் ஓடும் நேரத்தையும் மீட்டரையும் குறித்துவைத்தால் இதே கணக்கை உங்கள் வீட்டுக்கும் போடலாம். அந்த நேரத்தில் ஃபிரிட்ஜையும் ஏசியையும் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. மோட்டாரிலிருந்து வரும் குழாய் தொட்டியின் மேல்விளிம்பில்தான் ஊற்றும். தண்ணீர் நிற்பது கீழே. ஊற்றும் வாய்க்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளிக்கும் சேர்த்துப் பம்பு கூலி கொடுத்திருக்கிறது. விழும்போது அந்த உயரம் சலசலப்பாகி, கடைசியில் சூடாகிவிடுகிறது. எவ்வளவு சூடு? ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரியில் 427-இல் ஒரு பங்கு. எந்த வீட்டுத் தெர்மாமீட்டரும் காட்டாது.

அந்தச் சின்ன வெப்பத்தைப் பிடித்தே தீருவேன் என்று உட்கார்ந்தவர்தான் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். மான்செஸ்டர் பக்கத்துக்காரர், குடும்பத் தொழில் மதுபானம் காய்ச்சுவது. 1850-இல் வெளியிட்ட சோதனையில் இரண்டு ஈய எடைகள், ஒவ்வொன்றும் சுமார் 13 கிலோ. அவை 1.6 மீட்டர் இறங்கும்போது கயிறு ஒரு துடுப்புச் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் சுமார் 6 கிலோ தண்ணீருக்குள் முழுகியிருக்கும். எடைகளைத் திரும்ப ஏற்றி இருபது தடவை இறக்குவார். இவ்வளவுக்கும் தண்ணீர் சூடேறியது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. அதை அளந்து அவர் சொன்ன விலை 772: ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி உயர்த்த, ஒரு பவுண்டு எடை 772 அடி இறங்க வேண்டும். இன்றைய மதிப்பு 778. கையில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு விழுக்காட்டுக்குள் வந்திருக்கிறார். சேல் ஊரில் உள்ள அவர் கல்லறைக் கல்லில் 772.55 என்று, பின்னாளில் அவரே திருத்திய எண்ணைப் பொறித்திருக்கிறார்கள்.

1845-இலேயே அவர் நயாகராவைப் பற்றி எழுதினார்: 160 அடி விழும் தண்ணீர் அடியில் ஃபாரன்ஹீட்டில் ஐந்தில் ஒரு டிகிரி சூடாக இருக்க வேண்டும். கணக்கு சரி. அருவியில் போய் அளந்தால் சிக்குவதில்லை, அதற்குக் காரணம் சாரல். ஜோக் அருவியை எடுத்துக்கொள்வோம். 253 மீட்டர், 427-ஆல் வகுத்தால் 0.59 டிகிரி. நல்ல பெரிய எண், சாதாரணக் கருவியே காட்டும். ஆனால் விழுகிற வழியில் தண்ணீரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆவியானால் போதும், அந்த 0.59 டிகிரியும் அப்படியே காணாமல் போகும். வறண்ட காற்று வீசும் நாளில் கீழே விழுந்த தண்ணீர் மேலே இருந்ததைவிடக் குளிர்ந்தே இருக்கலாம். மெல்லிய நீராக, காற்றுப் பட விழும் அருவி இந்தச் சோதனைக்கு ஆகவே ஆகாது.

சாரல் இல்லாத அருவி ஒன்று உண்டு: நீர்மின் நிலையத்தின் அழுத்தக் குழாய். நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது, தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் இறங்கிச் சிங்காராவில் பெல்டன் சக்கரத்தை (நீர்த்தாரை பட்டுச் சுழலும் டர்பைனை) அடிக்கிறது. சக்கரம் இல்லாமல் அந்தத் தண்ணீரைச் சும்மா விட்டால் இரண்டு டிகிரிக்கு மேல் சூடேறும். சக்கரம் இருப்பதால் ஆற்றலில் பெரும்பகுதி மின்சாரமாகி வெளியே போய்விடுகிறது, எடுக்க முடியாமல் விட்ட மீதி மட்டும் தண்ணீரைச் சூடாக்குகிறது. இதையே திருப்பிப் போட்டுப் பொறியாளர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். டர்பைனுக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை அளந்தால் டர்பைனின் திறன் வந்துவிடும். உயரம் 427 மீட்டர், திறன் 90 விழுக்காடு என்றால் வித்தியாசம் 0.1 டிகிரி. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் உணரிகள் இருப்பதால் இது சாத்தியம். எத்தனை டன் தண்ணீர் ஓடுகிறது என்று அளப்பதுதான் மின்நிலையத்தில் ஆகப் பெரிய தலைவலி. இந்த முறைக்கு அது தேவையே இல்லை, ஏனென்றால் நிறை அடிபட்டுப் போகிறது. 100 மீட்டருக்குக் குறைவான இறக்கத்தில் இது சரிப்படாது, சூடு அளக்கச் சிக்காது.

மின்சாரக் கணக்குக்கு இன்னோர் எண்: ஒரு டன் தண்ணீர் 367 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு யூனிட். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் நான்கு 100 மெகாவாட் எந்திரங்கள், இறக்கம் சுமார் 380 மீட்டர். மின்சாரம் மிச்சமாகும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தட்டுப்பாடு வரும்போது இறக்குகிறார்கள். கன மீட்டருக்கு ஒரு யூனிட் என்று மனக்கணக்குப் போட்டால் சரியாக இருக்கும். இப்படி ஏற்றி இறக்கும் நிலையங்களில் போட்ட மின்சாரத்தில் பொதுவாக 70 முதல் 80 விழுக்காடு திரும்பி வரும். வராதது தண்ணீரிலும் எந்திரத்திலும் வெதுவெதுப்பாக இருக்கிறது.

பக்கவாட்டு உறவு என்று முன்னே சொன்ன அடர்த்தி விஷயம், 12 ஜூல் என்று அலட்சியமாகத் தள்ளியது, ஓர் இடத்தில் முழு வேலையையும் அதுவே செய்கிறது. மோட்டார் இல்லாத சோலார் வாட்டர் ஹீட்டரில், குறிப்பாகத் தட்டையான தகடும் தனித் தொட்டியும் உள்ள வகையில்.

30 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டர் 995.7 கிராம். 60 டிகிரியில் 983.2 கிராம். லிட்டருக்குப் பன்னிரண்டரை கிராம் வித்தியாசம். தகட்டில் சூடான தண்ணீர் லேசாகி மேலே போகிறது என்கிறோம். உண்மையில் தொட்டியின் அடியிலிருந்து கனமான குளிர் நீர் இறங்கி, லேசான நீரை மேலே தள்ளுகிறது. இறங்கும் நிறை அதிகம், ஏறும் நிறை குறைவு, ஆக மொத்த நிலை ஆற்றல் குறைகிறது. குறைந்ததுதான் ஓட்டத்துக்குக் கிடைக்கும் கூலி. ஒரு மீட்டர் உயர வித்தியாசத்தில் லிட்டருக்கு 0.12 ஜூல். அந்த லிட்டர் சுமந்து போகும் வெப்பமோ 1,25,000 ஜூலுக்கு மேல். சுமையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் கூலி!

இந்தக் கூலியின் அழுத்தம் பன்னிரண்டரை மில்லிமீட்டர் நீர்மட்ட அளவுதான். விரல் நகத்து உயரம். சோலார் ஹீட்டரில் வரும் பழுதுகளில் பல இதை மறந்ததால் வருபவை. தகட்டின் மேல்முனையிலிருந்து தொட்டிக்குப் போகும் சூட்டுக் குழாய் வழி நெடுக ஏறிக்கொண்டே போக வேண்டும், மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டராவது. நடுவில் இரண்டு சென்டிமீட்டர் தொய்ந்து எழுந்தால் தொய்வுக்கு முன்னுள்ள மேட்டில் காற்று தங்கும், தங்கிய காற்றைத் தள்ள நகத்து உயர அழுத்தத்தால் முடியாது. பகல் முழுக்க வெயில் அடித்தும் தொட்டி பச்சைத் தண்ணீராகவே இருக்கும், தகடு மட்டும் கொதிக்கும். எல்போக்களைக் குறைத்து, வளைவுகளை அகலமாகப் போடச் சொல்வதும் இதனால்தான். உப்புத் தண்ணீர் ஊரில் குழாய்க்குள் படியும் சுண்ணாம்பு இதே வேலையை மெதுவாகச் செய்யும்.

தொட்டியின் அடிப்பகுதி தகட்டின் மேல்முனையைவிட 30 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்கட்டும். சமமாக வைத்தால் இரவில் தகடு வானத்தைப் பார்த்துக் குளிர்ந்து, தண்ணீர் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். பகலில் சேர்த்த சூட்டை இரவு மாடிக் காற்றுக்குத் தானம் செய்யும். இதைத் தடுக்கிறேன் என்று கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன் வால்வைப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஸ்பிரிங் திறக்கவே 20 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவு அழுத்தம் கேட்கும், இருப்பதோ ஒன்றேகால். இரவு ஓட்டமும் நிற்கும், பகல் ஓட்டமும் நிற்கும்.

காற்றுக்கும் இதே விலைப்பட்டியலைப் போடலாம். காற்றின் தன் வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய ஆற்றல், 1,005 ஜூல். 9.8-ஆல் வகுத்தால் சுமார் 102. வறண்ட காற்று ஒவ்வொரு 102 மீட்டர் ஏறும்போதும் ஒரு டிகிரி குளிரும், இறங்கும்போது ஒரு டிகிரி சூடேறும். தண்ணீரின் 427-ஐப் போல இங்கே சாரல் கெடுப்பதில்லை. மேகம் கட்டாதவரை ஏறக்குறைய துல்லியமாகவே நடக்கும். ஈரக் காற்று மேகமாகும்போது ஆவி தன் உள்ளுறை வெப்பத்தைத் திருப்பிக் கொடுப்பதால் குளிர்ச்சி பாதியாகக் குறையும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் வறண்டு இறங்கும்போது ஏறிய விலைக்கு இறங்குவதில்லை. குறைவாகக் குளிர்ந்து ஏறியது, அதிகமாகச் சூடேறி இறங்குகிறது.

பள்ளிப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்போது அடுப்பு எரிகிறது, வெப்பநிலை ஏறவில்லை. ஒரு கிலோ முழுக்க ஆவியாக 22.6 லட்சம் ஜூல் போகிறது. அதில் பெரும்பகுதி மூலக்கூறுகளை ஒன்றைவிட்டு ஒன்று பிய்க்கச் செலவாகி, அவற்றுக்கிடையிலான நிலை ஆற்றலாக நிற்கிறது. அதுவும் நிலை ஆற்றல்தான், ஆனால் தரையிலிருந்து உயரம் அளக்கும் நிலை ஆற்றல் இல்லை. ஒரே பெயரில் இரண்டு ஆட்கள். பாடப் புத்தகத்தில் வேறுவேறு அத்தியாயத்தில் வருவதால் யாரும் முகம் பார்த்துக்கொள்வதில்லை.

வீட்டில் செய்து பார்க்கத் தண்ணீர் வேண்டாம், ஈயத்தை எடுங்கள். ஈயத்தின் தன் வெப்ப ஏற்புத்திறன் வெறும் 128, எனவே அதன் விலை டிகிரிக்கு 13 மீட்டர்தான். ஒன்றரை அங்குல பிவிசி குழாய் ஒரு மீட்டர், ஒரு முனையில் மூடி ஒட்டி, மறுமுனையில் ரப்பர் கார்க். உள்ளே சிறு ஈயக் குண்டுகள் அரைக் கிலோ. குழாயின் இரு முனைகளிலும் பஞ்சு சுற்றுங்கள். செங்குத்தாகப் பிடித்து, சட்டென்று தலைகீழாகத் திருப்புங்கள். குண்டுகள் சறுக்கக் கூடாது, ஒன்றாக விழ வேண்டும். 'சளக்' என்று ஒரே சத்தம் கேட்டால் சரி, 'சரசர' என்றால் திருப்புவது மெதுவாகிவிட்டது. இப்படி நூறு தடவை, ஐந்து நிமிட வேலை.

அரைக் கிலோ குண்டு குழாய்க்குள் 6 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும், ஆகவே விழும் உயரம் 94 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் என்று போட்டால் அங்கேயே ஆறு விழுக்காடு பிழை. நூறு தடவைக்கு 94 மீட்டர், 13-ஆல் வகுத்தால் 7.2 டிகிரி. கையில் கிடைப்பது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 5 டிகிரியைத் தொட்டால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மீதியைக் குழாய்ச் சுவரும் கார்க்கும் எடுத்துக்கொள்கின்றன. இழப்பைக் குறைக்க ஒரு பழைய தந்திரம்: குண்டுகளை அறை வெப்பநிலைக்கு மூன்று டிகிரி கீழே குளிர்வித்துத் தொடங்குங்கள். முதல் பாதியில் அறை வெப்பம் உள்ளே வரும், பின்பாதியில் வெளியே போகும், இரண்டும் ஏறக்குறையக் கழிந்துவிடும். குளிர்விக்கும்போது ஈரம் படியாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள், ஈரம் பட்டால் ஜோக் அருவிக் கதைதான். குழாயின் முனைகளைக் கையால் பிடிக்காமல் நடுவில் துணி சுற்றிப் பிடியுங்கள், உள்ளங்கைச் சூடே இரண்டு டிகிரியைக் கொடுத்துவிடும். முடிந்ததும் ஒரு முனையில் குண்டுகளைச் சேர்த்து, தெர்மாமீட்டர் முனை முழுதும் புதையும்படி செருகி, எண் ஏறி நிற்கும்வரை பாருங்கள்.

பிறகு கால் கிலோ குண்டுடன் திரும்பச் செய்யுங்கள். நிறை அடிபடும் என்றால் அதே டிகிரிதான் வர வேண்டும். கொஞ்சம் குறைவாக வரும், ஏனென்றால் அதே குழாய்ச் சுவர் இப்போது பாதிக் குண்டிடமிருந்து தன் பங்கைப் பிடுங்குகிறது. ஈயம் வேண்டாம் என்பவர்கள் சைக்கிள் பால்ஸ் போடலாம், ஆனால் இரும்பின் விலை டிகிரிக்கு 46 மீட்டர், நூறு தடவைக்கு இரண்டு டிகிரிதான் தேறும். ஈயக் குண்டுகள் மோதி மோதிக் கறுப்புத் தூள் உதிரும். கார்க்கைச் சமையலறையில் திறக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.